தூண்டில் போடப் போகிறவருக்கு எந்தத் தொப்பி?

கேள்வி இதுதான்: காலையில் தூண்டிலோடு கிளம்பினால் மதியம் தாண்டித்தான் திரும்புகிறீர்கள். சில நாள் கரை, சில நாள் படகு. கேப் போட்டும் காதும் பின்கழுத்தும் எரிகின்றன. அகலமான தொப்பி வாங்கலாம் என்றால் காற்றில் நிற்காது என்கிறார்கள். 'யு.பி.எஃப் 50+' என்று எழுதியிருப்பதை நம்பலாமா, வெள்ளை நல்லதா கறுப்பு நல்லதா என்ற குழப்பம் வேறு.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரையில் நின்றோ மெதுவாகப் போகும் படகில் உட்கார்ந்தோ மீன் பிடிக்கும் நாளுக்கு, சுற்றிலும் 7.5 செ.மீ.க்குக் குறையாத விளிம்பு, நெருக்கமாக நெய்த துணி, விளிம்பின் அடிப்பக்கத்தில் அடர்நிறம், தாடைக் கயிறு, இவ்வளவும் உள்ள தொப்பி. வேகமாக ஓடும் படகுக்கு கேப்தான் சரி; ஆனால் காதையும் கழுத்தையும் மூடும் துணி அதோடு வேண்டும். இரண்டுக்கும் ஒரே தொப்பி தேடினால் இரண்டுக்கும் பாதி பொருந்துவதுதான் கிடைக்கும். இனி காரணங்கள்.

யு.பி.எஃப் என்பது துணிக்குப் போடும் மதிப்பெண். 50 என்றால் அந்தத் துணிமேல் விழும் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம்தான் உள்ளே இறங்கும். 30 என்றால் சுமார் 3.3 சதவீதம். 50-ஐத் தாண்டிய எல்லாத் துணிக்கும் 50+ என்றே போடுவார்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996-இல் இதற்கென்று கூட்டாக ஒரு தரநிலை கொண்டுவந்தன. சோதித்துப் பார்த்துப் போட்ட எண் என்றால் நம்பலாம். ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். துணி மூடியிருக்கும் இடத்துக்கு மட்டுமே அது பேசும். 50+ துணியில் தைத்த கேப் உங்கள் உச்சந்தலைக்கு 50+, காதுக்கு ஒன்றுமில்லை. உங்கள் காது எரிவதற்குத் துணி காரணமில்லை, தொப்பியின் வடிவம்தான் காரணம்.

லேபிள் இல்லாத தொப்பி என்றால் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அதே ஓட்டைகள் வழியாகப் புற ஊதாவும் வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தி இந்தச் சோதனையிலேயே தோற்றுவிடும். நனைந்தால் இன்னும் மோசம், ஈரத்தில் அதன் காப்புத் திறன் இறங்கிவிடுகிறது. மீன் பிடிக்கப் போய் நனையாமல் வருகிறவர் யார்? நெருக்கமாக நெய்த பாலியஸ்டரும் நைலானும் ஈரத்திலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும், சீக்கிரம் காயும். பருத்திதான் பிடிக்கும் என்றால் கனமான கேன்வாஸ் வகையாகப் பாருங்கள். பனையோலை, வைக்கோல் தொப்பிகளை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. இறுக்கமாக முடைந்திருந்தால் அருமையான நிழல், காற்றோட்டமும் கிடைக்கும். தளர்வாக முடைந்தது என்றால் முகத்தில் பொட்டுப் பொட்டாக வெயில் விழும். அதைத் தொப்பி என்று சொல்வதைவிட அலங்காரம் என்று சொல்லலாம்.

அடுத்தது விளிம்பு. தோல் புற்றுநோய்த் தடுப்பு அமைப்புகள் பெரியவர்களுக்குக் குறைந்தது 7.5 செ.மீ. என்று சொல்கின்றன. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். விளிம்பு எவ்வளவு நீளமோ, அதைச் சூரியனின் உயரக் கோணத்தோடு சேர்த்துப் பார்த்தால் நிழல் முகத்தில் எவ்வளவு கீழே இறங்கும் என்று தெரிந்துவிடும். சூரியன் 60 பாகை உயரத்தில் இருக்கும்போது 7.5 செ.மீ. விளிம்பின் நிழல் சுமார் 13 செ.மீ. இறங்கும், நெற்றியிலிருந்து ஏறத்தாழ வாய் வரை. 45 பாகையில் அதே விளிம்பு 7.5 செ.மீ. நிழல்தான் தரும், மூக்கோடு நின்றுவிடும். 30 பாகைக்கு வந்தால் 4 செ.மீ.க்குச் சற்று மேல், அவ்வளவுதான். கேப் தொப்பியின் முன்பக்கமும் இப்படித்தான் வேலை செய்யும். பக்கவாட்டில் அதற்கு விளிம்பே கிடையாது என்பதால் காதுக்கும் கழுத்துக்கும் எந்தக் கோணத்திலும் நிழல் இல்லை.

இந்தக் கணக்கில் நமக்குச் சாதகமான ஒன்று உண்டு. சூரியன் தாழ்வாக இருக்கும்போது கதிர் காற்று மண்டலத்தில் அதிக தூரம் கடந்து வருவதால் புற ஊதாவும் குறைந்துவிடும். விளிம்பு தோற்கும் நேரத்தில் ஆபத்தும் கம்மி. கோணம் பார்க்கக் கருவி வேண்டாம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் 45 பாகையைத் தாண்டிவிட்டது, தொப்பி தலையில் இருந்தே ஆக வேண்டிய நேரம்.

அப்படியானால் 15 செ.மீ. விளிம்பு வாங்கிவிடலாமே என்று தோன்றும். தோட்ட வேலைக்கு வாங்கலாம், தூண்டிலுக்கு வேண்டாம். அந்த அகலம் காற்றைப் பிடித்துக்கொள்ளும், தோள் பையில் இடிக்கும், தலைக்கு மேலே தூண்டில் கம்பை வீசும்போது நரம்பு (தூண்டில் இழை) உரசும். 7.5 முதல் 10 செ.மீ. வரைதான் கைக்கு அடங்கும் அளவு. பக்கெட் தொப்பி வாங்குகிறவர்கள் விளிம்பை அளந்து வாங்குங்கள். கடைகளில் தொங்கும் பலவற்றுக்கு 5 செ.மீ. கூட இருப்பதில்லை, அழகுக்குத் தைத்தவை அவை. 6 செ.மீ.க்கு மேல் விளிம்பும், தலை நன்றாக உள்ளே இறங்கும் ஆழமும் இருந்தால் பக்கெட் தொப்பியும் தேறிவிடும்.

நீரில் பட்டுத் திரும்பும் வெயில்தான் முகத்தைப் பொசுக்குகிறது என்று மீன் பிடிப்பவர்கள் அடிக்கடி சொல்வார்கள். கண் கூசுவதை வைத்து அப்படித் தோன்றுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி நீர்ப்பரப்பு திருப்பி அனுப்பும் புற ஊதா 10 சதவீதத்துக்கும் குறைவு. காய்ந்த கடற்கரை மணல் சுமார் 15 சதவீதம், கடல் நுரை சுமார் 25 சதவீதம். அலை உடையும் இடத்தில் நின்று வீசுகிறவருக்கு இது கணிசம்தான். அமைதியான ஏரிக்கரையில் அவ்வளவு இல்லை. உண்மையான காரணம் வேறு: திறந்த வானம். சூரியனிலிருந்து நேராக வருவது போக, காற்றில் சிதறி வானம் முழுவதிலிருந்தும் புற ஊதா இறங்குகிறது. உச்சி வெயில் நேரத்திலேயே இப்படிச் சிதறி வருவது ஏறத்தாழ பாதி அளவுக்கு இருக்கலாம். தெருவில் நடக்கும்போது மரமும் கட்டடமும் வானத்தின் பெரும்பகுதியை மறைத்துவிடுகின்றன. நீர்நிலையில் மறைக்க எதுவும் இல்லை. மெல்லிய மேகம் மூடியிருந்தாலும் 90 சதவீதத்துக்கு மேல் ஊடுருவி வரலாம். அதோடு புற ஊதாவுக்குச் சூடு கிடையாது. நீர்க்காற்று குளுகுளுவென்று அடிக்கும், எரிச்சல் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

எவ்வளவு நல்ல தொப்பி போட்டாலும் கன்னத்தின் கீழ்ப்பகுதி, தாடை, கீழுதடு மூன்றும் முழுதாகத் தப்பாததற்கு இந்தச் சிதறல்தான் காரணம். அங்கே சன்ஸ்கிரீன் தடவுங்கள், அல்லது கழுத்திலிருந்து மூக்கு வரை ஏற்றிவிடும் குழாய்த் துணி போடுங்கள். கீழுதட்டை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். அது மேலே பார்த்து நிற்கும் உறுப்பு, அங்கே நிறமியும் குறைவு. வருடக்கணக்கில் வெயிலில் வேலை செய்யும் மீனவர்களுக்கும் விவசாயிகளுக்கும் கீழுதட்டில் தடிப்பும் வெடிப்பும் வந்து அது புற்றாக மாறக்கூடும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். எஸ்.பி.எஃப் (வெயில் காப்பு எண்) உள்ள உதட்டுத் தைலம் சட்டைப்பையில் இருக்கட்டும். தோல் கறுப்பு, நமக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அடர்ந்த நிறத் தோல் சீக்கிரம் வெந்து சிவக்காது, உண்மைதான். ஆனால் கண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது, உதட்டையும் அதை நம்பி விட்டுவிட முடியாது.

இப்போது காற்று. கரையில் நல்லபடியாக இருக்கும் தொப்பி படகு வேகமெடுத்ததும் இரண்டில் ஒன்று செய்யும்: முன்விளிம்பு மடிந்து மேலே ஏறிக்கொள்ளும், அல்லது தொப்பியே போய்விடும். மடிவதற்கு மருந்து விறைப்பான விளிம்பு. வாங்கும்போது முன்விளிம்பைப் பிடித்து மேலே மடக்கி விட்டுப் பாருங்கள். சட்டென்று பழைய வடிவத்துக்கு வர வேண்டும். உள்ளே ஸ்பாஞ்சுத் தகடு வைத்துத் தைத்தவை இதற்கு நல்லவை. நீரில் விழுந்தால் மிதக்கவும் செய்யும், எடுத்துவிடலாம். ஓரத்தில் கம்பி வைத்தவை முதலில் நன்றாக நிற்கும். ஒரு முறை பைக்குள் கசங்கிவிட்டால் அப்புறம் அலை அலையாகத்தான் இருக்கும்.

பறப்பதற்கு மருந்து தாடைக் கயிறு. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். கயிற்றின் இரு முனையும் தொப்பியில் எங்கே தைத்திருக்கிறது என்று பாருங்கள். காதுக்குச் சற்று முன்னால் இருந்தால் தொப்பி நேராக நிற்கும். ரொம்பப் பின்னால் இருந்தால் எதிர்க்காற்றில் முன்பக்கம் எழும்பிவிடும். இறுக்கும் பூட்டு ஈரக் கையாலும் ஒரே அழுத்தில் நகர வேண்டும். இன்னொன்று, பலமாக இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் இணைப்பு உள்ள கயிறாகவே வாங்குங்கள். ஓடும் ஆற்றில் இறங்கி நின்று வீசுகிறவர் தடுமாறி விழுந்தால் அகலமான விளிம்பை நீரோட்டம் இழுக்கும், கயிறு கழுத்தை இறுக்கும். மோட்டாருக்குப் பக்கத்தில் குனிந்து வேலை பார்ப்பவருக்கும், கிளைகளுக்குள் நுழைந்து நடப்பவருக்கும் இதே எச்சரிக்கை.

வேகப் படகில் அகல விளிம்போடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை என்பது என் கருத்து. இறுக்கமான கேப், அதன் பின்பகுதியைச் சட்டைக் காலரோடு இணைக்கும் ஒரு சிறு கிளிப் கயிறு, அடியில் குழாய்த் துணி அல்லது தலைமூடி வைத்த வெயில் சட்டை. தலைமூடியைத் தலையில் போட்டு அதன்மேல் கேப் வைத்தால் காது, கழுத்து, கன்னத்தின் ஓரம் எல்லாம் மூடிவிடும், காற்றுக்கும் அசையாது. நிழலைவிடத் துணி மூடுவது எப்போதுமே உறுதியானது, சிதறி வரும் கதிரையும் அது தடுக்கும். பின்னால் துணி தொங்கும் கேப்களும் உண்டு. துணி முன்பக்கம் கன்னம் வரை வந்து கொக்கியோ ஒட்டுப் பட்டையோ போட்டு மூடும்படி இருந்தால் வாங்கலாம். சும்மா பின்னால் மட்டும் ஒரு முழத்துண்டு தொங்குவது காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். நாலு மணி நேரம் அந்தச் சத்தத்தைக் காதருகில் கேட்டுப் பாருங்கள், நீங்களே கழற்றி வீசிவிடுவீர்கள்.

மீன் பிடிப்பவருக்கு மட்டும் வரும் சில சிக்கல்களைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். முதலாவது லைஃப் ஜாக்கெட். கழுத்துப் பட்டை உயரமான ஜாக்கெட் போட்டு உட்கார்ந்தால் அது பின்விளிம்பை முட்டித் தொப்பியை முன்னால் தள்ளும், கண்ணை மறைக்கும். கயாக் எனும் ஒடுங்கிய துடுப்புப் படகில் முதுகுச் சாய்வும் சேர்ந்துகொள்ளும். ஆகவே தொப்பியை ஜாக்கெட்டோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். முட்டுகிறது என்றால் பின்விளிம்பு மென்மையாக வளையும் தொப்பி அல்லது கேபும் துணியும். ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தொப்பியைக் காப்பாற்றுவது மட்டும் வேண்டாம்.

இரண்டாவது வீச்சு. தலைக்கு மேலே வீசும்போது கம்பு பின்னால் போய் முன்னால் வரும்; ஃபிளை (பூச்சி போல் கட்டிய போலி இரை) வீசும் வகை என்றால் நரம்பே தலையைச் சுற்றிப் பறக்கும். எதிர்பாராமல் காற்று அடித்தால் தூண்டில் முள் முதலில் தேடி வருவது தலையின் பின்பக்கத்தையும் காதையும்தான். அகலமான கனத்த விளிம்பு அங்கே ஒரு கேடயம். முள் துணியில் மாட்டினால் இழுத்துக் கிழிக்காதீர்கள். முள்ளின் கூர்முனை போகும் திசையிலேயே தள்ளி வெளியே கொண்டுவந்து, முனைக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளை நசுக்கிவிட்டு எடுங்கள். தொப்பியைச் சுற்றி ஃபிளைகளையும் லூர் எனும் மற்றப் போலி இரைகளையும் குத்தி வைப்பது பார்க்க நன்றாக இருக்கும். குத்திய இடமெல்லாம் ஓட்டை, ஈரத்தில் துரு, கழற்றும்போது விரலில் ரத்தம். எனக்கு அந்த ஆசையே வந்ததில்லை.

நிறத்தில் வெள்ளையா கறுப்பா என்று கேட்டால், மேலே ஒன்று கீழே ஒன்று. மேற்பக்கம் வெளிர்நிறமாக இருந்தால் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், தலை கொதிக்காது. அடர்நிறச் சாயம் புற ஊதாவை அதிகம் உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் 50+ துணி கிடைத்துவிட்டால் அந்த வித்தியாசத்துக்காக வெந்து சாக வேண்டியதில்லை. விளிம்பின் அடிப்பக்கம் மட்டும் கறுப்போ கரும்பச்சையோ கருநீலமோ இருக்க வேண்டும். நீரில் பட்டு மேலே வரும் வெளிச்சம் வெள்ளை அடிப்பக்கத்தில் மோதி நேராகக் கண்ணுக்குள் விழும். அடர்நிறம் அதைக் குடித்துவிடும். நீருக்குள் மீன் அசைவதைப் பார்த்துப் பிடிப்பவர்களுக்கு இது வசதியைத் தாண்டிய தேவை. போலரைஸ்டு கண்ணாடி நீர்ப்பரப்பின் கூச்சத்தை வெட்டும், நீரைச் சுமார் 37 பாகை சரிவில் பார்க்கும்போது மிக நன்றாக வெட்டும். ஆனால் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் கண்ணாடியின் உட்புறத்தில் வெளிச்சம் விழுந்தால் அதன் பலன் பாதியாகிவிடும். அதை மறைப்பது தொப்பியின் வேலை. கண்ணாடியில் புற ஊதாத் தடுப்பு தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போலரைஸ்டு என்பதும் அதுவும் ஒன்றல்ல. நீண்ட காலம் நீர்வெளியில் இருப்பவர்களுக்கு வெள்ளைவிழியில் சதை வளர்ந்து கருவிழிப் பக்கம் ஏறுவதற்கும் புற ஊதாவுக்கும் தொடர்பு உண்டு.

வெள்ளைத் தொப்பியைப் பார்த்து மீன் ஓடுமா? இடத்தைப் பொறுத்தது. நீருக்கடியில் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் தலைக்கு மேலே ஒரு வட்டச் சாளரம் வழியாகத்தான் தெரியும்; மீனின் கண்ணிலிருந்து அந்த வட்டம் வரை விரியும் கூம்பின் அகலம் சுமார் 97 பாகை. கரையோரத்தில் தாழ்வாக இருப்பவை அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கித் தெரியும், உயரமாக இருப்பவை உள்ளே வரும். தெளிந்த ஆழமில்லாத ஓடையில் நின்றால் உங்கள் உடம்பில் முதலில் தெரியப்போவது தலையும் தொப்பியும். அங்கே பளீர் வெள்ளையைத் தவிர்த்து மங்கிய பச்சை, சாம்பல், மணல் நிறம் போடுங்கள். அதைவிட முக்கியம், தலையைத் திடீரென்று அசைக்காதீர்கள். கலங்கிய நீரிலோ ஆழ்கடலிலோ இந்தக் கவலையே வேண்டாம். கடலுக்குப் போகிறவருக்கு நான் நேர்மாறாகச் சொல்வேன்: ஆரஞ்சோ பளீர் மஞ்சளோ போடுங்கள். தவறி நீரில் விழுந்தால் அலைகளுக்கு நடுவே மற்றவர் கண்ணுக்குத் தெரிவது தலை மட்டும்தான்.

காற்றோட்டத்துக்கு வலை வைத்த தொப்பிகள் இப்போது நிறைய வருகின்றன. உச்சியில் வலை வைத்தது வேண்டாம், முடி குறைந்தவர்களுக்கு அறவே வேண்டாம். பக்கவாட்டில், மேலே ஒரு மடிப்புத் துணி மறைத்திருக்கும் வலை என்றால் சரி. தலைக்கும் துணிக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி விட்ட ஆழமான தொப்பி, ஒட்டிப் பிடிக்கும் தொப்பியைவிடக் குளிர்ச்சி. வெக்கை தாங்கவில்லையா, நீரில் முக்கிப் பிழிந்து போட்டுக்கொள்ளுங்கள். பாலியஸ்டர், நைலானில் இதனால் பெரிய நட்டமில்லை.

அளவு எடுக்கும்போது புருவத்துக்கும் காதுக்கும் ஒரு விரல் மேலே நாடாவைச் சுற்றுங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுத்துப் பின்னால் இறுக்கிக்கொள்ளலாம். இறுக்கமான தொப்பி ஒரு மணி நேரத்தில் நெற்றியில் வலியாக வந்து நிற்கும், அப்புறம் அது தலையில் இருக்காது. போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள், கண்ணாடியும் போட்டுப் பாருங்கள். கண்ணாடிக் காம்பும் தொப்பிப் பட்டையும் காதுக்கு மேலே ஒரே இடத்தில் அழுத்தினால் அந்த ஜோடி ஒத்துவராது. உள்பட்டை வியர்வையை உறிஞ்சும் மென்துணியாக இருக்கட்டும்; சன்ஸ்கிரீன் கலந்த வியர்வை கண்ணில் இறங்கினால் அன்றைய மீன்பிடிப்பு முடிந்தது.

கடலில் போட்ட தொப்பியை அன்றே நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு படிந்தால் துணி விறைத்து மடிப்புகளில் தேயும். உலோக வளையமும் பொத்தானும் துருப்பிடிக்கும் என்பதால் பிளாஸ்டிக் பூட்டு உள்ளதே மேல். பிளீச் வேண்டாம், காய வைப்பது நிழலில். டீட் கலந்த கொசு விரட்டியைத் தொப்பிமேல் அடிக்காதீர்கள். நைலானையும் பருத்தியையும் அது ஒன்றும் செய்யாது, பிளாஸ்டிக் பூட்டையும் இழுபடும் நூல் கலந்த துணியையும் கெடுக்கும். சில பருவம் கழிந்ததும் பழைய வெளிச்சச் சோதனையை மறுபடி செய்யுங்கள். உச்சியிலும் மடிப்பிலும் வெளிச்சம் தெரியத் தொடங்கியிருந்தால் லேபிளில் 50+ என்று இன்னும் எழுதியிருந்தாலும் அந்தத் தொப்பியை மாற்றிவிடுங்கள்.